மின்துடிப்பைத் திசு பங்கிடும் விதம்

புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசி வடிவ மின்முனைகளைச் செருகி, அவற்றுக்கிடையே நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைச் செலுத்தும் சிகிச்சை இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. கட்டியைச் சுடுவது இதன் நோக்கம் அன்று. செல்களின் சவ்வில் நுண்துளைகளை உண்டாக்குவதே நோக்கம். எலக்ட்ரோபொரேஷன் எனப்படும் இந்த மின்துளையாக்கம் எங்கே நிகழும், எங்கே நிகழாது என்பதைக் கருவியின் திரையில் தெரியும் வோல்ட் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த வோல்ட்டைக் கொழுப்பும் தசையும் இரத்தக்குழாயும் நார்த்திசுவும் கட்டியும் தமக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் பொறுத்தது அது.

செல்சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனுள்ள, கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டை அடுக்கு. உயிருள்ள செல்லில் அதன் இரு பக்கங்களுக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் வேறுபாடு எப்போதும் இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்புலம் இந்த வேறுபாட்டை 0.2 முதல் 1 வோல்ட் வரையிலான அளவுக்கு உயர்த்தினால் நீர் மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்குக்குள் ஊடுருவித் துளைகள் திறக்கின்றன. 1 வோல்ட் என்பது சாதாரண டார்ச் மின்கலம் தருவதைவிடக் குறைவு. ஆனால் 5 நானோமீட்டருக்குள் 1 வோல்ட் என்றால் மீட்டருக்கு 20 கோடி வோல்ட் என்று ஆகிறது. காற்று மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டிலேயே தாங்காமல் பொறி விட்டுவிடும்.

துடிப்பு மிதமாக இருந்தால் துளைகள் சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும், செல் பிழைத்துவிடும். இதுவே மீள் மின்துளையாக்கம். 1982இல் எபர்ஹார்ட் நாய்மனும் அவருடைய குழுவினரும் எலிச் செல்களுக்குள் மரபணுவைச் செலுத்த இந்த வழியைப் பயன்படுத்திக் காட்டினார்கள். மூடும் முன் மருந்தை உள்ளே அனுப்பினால் என்ன என்ற கேள்வியிலிருந்து எலக்ட்ரோகீமோதெரபி பிறந்தது. பிளியோமைசின் என்னும் மருந்து செல்லுக்குள் புகுந்துவிட்டால் டிஎன்ஏவை வெட்டி எறியும். ஆனால் அதன் மூலக்கூறு பெரியது, நீர்விரும்பி, எனவே சவ்வைத் தாண்ட இயலாமல் வெளியே நிற்கும். துளைகள் திறந்தால் ஆய்வகச் செல்களில் அதன் வீரியம் பல நூறு மடங்கு கூடுகிறது. பிரான்சில் பாரிஸை அடுத்த குஸ்தாவ் ரூசி புற்றுநோய் நிறுவனத்தில் லூயி மிர் குழுவினர் இம்முறையை நோயாளிகளிடம் முதன்முதலில் சோதித்த முடிவுகள் 1991இல் வெளிவந்தன. துளைகள் மூடவே முடியாத அளவுக்குத் துடிப்பை வலுப்படுத்தினால் மருந்தே தேவையில்லை. செல் தானாக மடியும். மீளா மின்துளையாக்கம் எனப்படும் இந்த வழியை 2005இல் டவாலோஸ், மிர், ரூபின்ஸ்கி மூவரும் ஒரு தனிச் சிகிச்சையாக முன்வைத்தனர். நானோநைஃப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கருவி இதற்குரியது.

இரண்டு முறைகளுக்கும் நிலையான செய்முறைகள் உண்டு. எலக்ட்ரோகீமோதெரபிக்கு ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து வகுத்து 2006இல் வெளியிட்ட எசோப் நெறிமுறை, 100 மைக்ரோநொடி நீளமுள்ள 8 துடிப்புகளைக் கேட்கிறது. தட்டு மின்முனை என்றால் சென்டிமீட்டருக்கு 1300 வோல்ட், ஊசி மின்முனை என்றால் 1000 வோல்ட். மீளா மின்துளையாக்கத்தில் ஒவ்வொரு ஊசி இணைக்கும் சென்டிமீட்டருக்குச் சுமார் 1500 வோல்ட் வீதம் 70 முதல் 100 மைக்ரோநொடி நீளமுள்ள 90 துடிப்புகள் வரை கொடுக்கப்படும். இந்த அலகைப் பார்த்து ஏமாறுவது எளிது. சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் என்பது மின்முனைகளுக்கு இடையே வைத்த மொத்த மின்னழுத்தத்தை அவற்றின் இடைவெளியால் வகுத்துக் கிடைத்த எண், அவ்வளவுதான். திசுவின் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் நிலவும் மின்புலம் அதுவல்ல. திசு முழுவதும் ஒரே சீராக இருந்து, மின்முனைகளும் அகன்ற இணைத் தட்டுகளாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். ஊசிகளைப் பயன்படுத்தும்போது சீரான திசுவில்கூட ஊசியின் அருகே புலம் மிக அதிகமாகவும், நடுவில் குறைவாகவும் இருக்கும். திசுவும் சீராக இல்லாவிட்டால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது.

வேறுபாடு செல்லிலிருந்தே தொடங்குகிறது. கோள வடிவச் செல் ஒன்று மின்புலத்தில் இருக்கும்போது அதன் சவ்வில் தோன்றும் கூடுதல் மின்னழுத்தத்தின் உச்ச அளவு, புலத்தை செல்லின் ஆரத்தால் பெருக்கி, அதை மேலும் ஒன்றரை மடங்காக்கினால் கிடைக்கும். ஷ்வான் சமன்பாடு என்று இதற்குப் பெயர். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல்லுக்குச் சென்டிமீட்டருக்கு 400 வோல்ட் புலம் சவ்வில் 0.6 வோல்ட்டைத் தரும். 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள செல்லுக்கு அதே புலம் 0.3 வோல்ட்டை மட்டுமே தரும். பெரிய செல் எளிதில் துளையாகும், சிறிய செல் தப்பும். கட்டி ஒன்றில் பல அளவுள்ள செல்கள் கலந்திருக்கும்; அவற்றினிடையே புகுந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் பொதுவாக இன்னும் சிறியவை. உச்ச அளவுகூட செல்லின் எல்லாப் பக்கத்திலும் தோன்றுவதில்லை. மின்முனைகளை நோக்கிய இரு முனைகளில் மட்டுமே தோன்றும், பக்கவாட்டில் பூச்சியமாகும். செல்கள் நெருக்கியடித்து நிற்கும் திசுவில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால், தனிச் செல்லுக்கு எழுதப்பட்ட இந்தச் சமன்பாடு தருவதைவிடக் குறைவான மின்னழுத்தமே சவ்வுக்குக் கிடைக்கும்.

நீண்ட செல்களில் திசையும் சேர்ந்துகொள்கிறது. எலும்புத்தசையின் இழை பல மில்லிமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல். ஸ்லோவேனியாவின் லியூப்லியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலியின் காலில் செய்த சோதனையில், இழைக்கு இணையாகப் புலம் அமைந்தபோது சென்டிமீட்டருக்கு 80 வோல்ட்டிலேயே துளையாக்கம் தொடங்கியது. குறுக்காக அமைந்தபோது 200 வோல்ட் தேவைப்பட்டது. ஒரே தசை, ஒரே விலங்கு. ஊசியை வைக்கும் கோணம் மாறியதால் மட்டும் இரண்டரை மடங்கு வேறுபாடு. தசைக்குள் வளர்ந்த கட்டிக்கு ஊசிகளை எந்த வரிசையில் செருகுவது என்பது இதனால் வசதியைப் பொறுத்த விஷயமாக இருக்க முடியாது.

செல்லைத் தாண்டித் திசுவின் அளவுக்கு வந்தால் மின்கடத்துதிறன் முக்கியமாகிறது. குறைந்த அதிர்வெண்ணில் கொழுப்பின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.02 முதல் 0.04 சீமென்ஸ் வரை. கல்லீரல் 0.1ஐ ஒட்டி இருக்கும். தசை குறுக்கே அளந்தால் ஒரு எண், நெடுக அளந்தால் அதன் சில மடங்கு. இரத்தம் சுமார் 0.7; மூளைத் தண்டுவட நீர் 1.8க்கு அருகில். கெட்டி எலும்பு கொழுப்பின் வரிசையில் நிற்கிறது. தோலின் மேற்புறத்து இறந்த செல் அடுக்கு ஏறக்குறைய மின்காப்புப் பொருள் என்றே சொல்லிவிடலாம். பல வகைக் கட்டிகள் அவை வளர்ந்த உறுப்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துகின்றன, 0.2 முதல் 0.4 வரை என்பது பல கணக்கீடுகளில் எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு. கட்டியில் நீர் அதிகம், செல்களுக்கு இடையிலான இடமும் அதிகம், நடுவில் செல்கள் மடிந்து சிதைந்த பகுதி பெரும்பாலும் உப்பு நீர் போலவே நடந்துகொள்கிறது.

இந்த எண்களை ஒரு எளிய கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டியின் இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் கொழுப்பு இருக்கிறது. அதற்கு வெளியே இரண்டு தட்டு மின்முனைகள். இடைவெளி 2 சென்டிமீட்டர், மின்னழுத்தம் 2000 வோல்ட். ஆகவே கருவி காட்டுவது சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட். மின்னோட்டம் கொழுப்பு, கட்டி, கொழுப்பு என்று வரிசையாகக் கடக்க வேண்டியிருப்பதால் அதிக மின்தடை உள்ள அடுக்கே அதிக மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். கொழுப்புக்கு 0.04, கட்டிக்கு 0.3 என்று கொண்டால் 2000 வோல்ட்டில் ஏறக்குறைய 1765 வோல்ட் கொழுப்பிலேயே போய்விடுகிறது. கட்டிக்குக் கிடைப்பது 235 வோல்ட். திரையில் 1000 என்று இருக்க, கட்டிக்குள் உண்மைப் புலம் அதில் கால்பங்குகூட இல்லை.

ஆனால் கணக்கு இங்கே நின்றுவிடுவதில்லை. கொழுப்புச் செல்கள் பெரியவை, விட்டம் 100 மைக்ரோமீட்டர் வரை போகும்; மேலும் அதிகப் புலம் அவற்றின் மேல்தான் விழுகிறது. எனவே முதலில் துளையாவது கொழுப்பு. துளையான திசு முன்பைவிட நன்றாகக் கடத்தும். கொழுப்பின் கடத்துதிறன் மூன்று மடங்காகிவிட்டது என்று கொண்டால், அதே 2000 வோல்ட்டில் கட்டியின் பங்கு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 570 வோல்ட்டாக உயர்கிறது. தோல் வழியே கொடுக்கப்படும் துடிப்பிலும் இதுவே நடக்கிறது. தொடக்கத்தில் ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் மேல்தோலில் தங்கிவிடும்; அது உடைந்து வழிவிட்ட பிறகே உள்ளே இருக்கும் கட்டியில் புலம் எழும்பும். மேலோட்டமான தோல்கட்டிகளில் தட்டு மின்முனைக்கு நெறிமுறை அதிக வோல்ட் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மார்பகத்தில் கட்டியைச் சுற்றிப் பெரும்பாலும் கொழுப்பே இருப்பதால், வெளியிலிருந்து கொடுப்பதைவிட ஊசியைக் கட்டிக்குள்ளேயே செருகுவது பயன் தரும் என்று 2009இல் டவாலோஸ் குழுவினரின் கணினி மாதிரி காட்டியது. அப்படிச் செருகினால் கொழுப்பு எதிரியாக இல்லாமல் உறையாக மாறுகிறது. மின்னோட்டம் நன்கு கடத்தும் கட்டிக்குள்ளேயே அடங்கி, சுற்றியுள்ள நல்ல திசு ஓரளவு காப்பாற்றப்படுகிறது. திசு வேறுபாடு எப்போதும் கெடுதல் என்று கொள்ள முடியாததற்கு இது நல்ல சான்று.

மின்னோட்டத்துக்கு வரிசைப் பாதை மட்டுமின்றி மாற்றுப் பாதையும் இருந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மடை திறந்ததும் நீர் மேட்டு வயலை விட்டுப் பள்ளத்து வாய்க்காலில் ஓடுவது போல, மின்னோட்டம் நன்கு கடத்தும் பாதையை நாடிச் செல்லும். கல்லீரலில் அந்தப் பாதை இரத்தக்குழாய். 0.1 கடத்துதிறன் உள்ள கல்லீரலுக்குள் 0.7 கடத்துதிறன் உள்ள இரத்தம் ஓடும் ஒரு குழாய், புலத்துக்குக் குறுக்காகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொலைவில் சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் இருந்தால் குழாய்க்குள் 250தான் இருக்கும். குழாயின் சுவருக்கு வெளியே ஒட்டியிருக்கும் செல்கள் எல்லாவற்றின் நிலையும் ஒன்றாக இருக்காது. மின்முனைகளை நோக்கிய இரு பக்கங்களில் புலம் 1750 வரை ஏறும். அதற்குச் செங்குத்தான இரு பக்கங்களில் உள்ளே இருக்கும் அதே 250க்கு இறங்கும். ஒரு குழாயின் சுற்றளவிலேயே ஏழு மடங்கு வேறுபாடு வந்துவிடுகிறது. இறங்கிய அந்த இரண்டு பக்கங்களில் செல்கள் உயிரோடு தப்ப வாய்ப்பு அதிகம்.

இது வெறும் தாள் கணக்கு அன்று. அமெரிக்காவில் கோல்பெர்க், யார்முஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் மீளா மின்துளையாக்கம் செய்து, திசுவை வெட்டி நுண்நோக்கியில் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அழிக்கப்பட்ட பகுதிக்கு உள்ளேயே இரத்தக்குழாய்த் தொகுதிகளை ஒட்டிச் செல்கள் பிழைத்திருப்பது தெரிந்தது. புலம் அமிழ்ந்துபோகும் குழிகள் என்ற பொருளில் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். இங்கே ஒரு முரண் இருக்கிறது. பெரிய இரத்தக்குழாயை ஒட்டிய கட்டிகளுக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதே, குழாயின் கொலாஜன் சட்டகத்தை அது கெடுக்காது என்பதால்தான். வெப்பத்தால் சுடும் முறைகளில் குழாய்க்கு ஆபத்து. கூடவே ஓடும் இரத்தம் சூட்டை இழுத்துச் சென்று அருகிலுள்ள செல்களைக் காப்பாற்றிவிடும். மின்துடிப்பு இந்த வெப்பச் சிக்கலிலிருந்து தப்பினாலும், அதே இடத்தில் அதற்கே உரிய மின்சிக்கலில் மாட்டிக்கொள்கிறது.

கட்டியே சுற்றுப்புறத்தைவிட நன்கு கடத்தும்போதும் இதே விதி பொருந்தும். 0.1 கடத்துதிறன் உள்ள கல்லீரலில் 0.3 கடத்துதிறன் உள்ள உருண்டையான கட்டிக்கு, வெளியே வைத்த ஊசிகளிலிருந்து வரும் புலத்தில் பத்தில் ஆறு பங்கே உள்ளே சேரும், மீதி நான்கு பங்கு சேராது. நல்ல கல்லீரல் துளையாகிவிட, கட்டி தப்பிப்பது இப்படித்தான். சிர்ரோசிஸால் நார்த்தன்மை அடைந்த கல்லீரலும், கொழுப்பேறிய கல்லீரலும், நலமான கல்லீரலும் ஒரே எண்ணைத் தருவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படும் கடத்துதிறன் பட்டியல்கள், 1996இல் காப்ரியேல் குழுவினர் தொகுத்தது உட்பட, பல விலங்குகளிலும் வெட்டியெடுத்த திசுக்களிலும் அளந்தவற்றின் கலவை. வெட்டியெடுத்த சில மணி நேரத்தில் செல்கள் வீங்கி, இரத்தம் வடிந்து, கடத்துதிறன் மாறிவிடும். அறுவை மேசையில் கிடக்கும் நோயாளியின் கல்லீரல் அந்தப் பட்டியலைப் படித்திருக்காது.

துடிப்பு தொடரத் தொடரத் திசு தன்னையே மாற்றிக்கொள்கிறது என்பது இன்னொரு சிக்கல். துளையான பகுதியின் கடத்துதிறன் பொதுவாக இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயரும். ஒவ்வொரு துடிப்பும் சிறிது வெப்பத்தையும் விட்டுச் செல்கிறது. ஒரு டிகிரி சூடு கூடினால் கடத்துதிறன் சுமார் 2 விழுக்காடு கூடும். 90 துடிப்புகளில் ஊசியின் அருகே 20 டிகிரி ஏறினால் அதனால் மட்டுமே 40 விழுக்காடு உயர்வு. வெப்பத்தின் அளவு கடத்துதிறனையும் புலத்தின் வர்க்கத்தையும் சார்ந்திருப்பதால், கடத்துதிறன் கூடக் கூட மின்னோட்டமும் சூடும் ஏறும். நானோநைஃப் 50 ஆம்பியரைத் தாண்டினால் தானாக நிறுத்திக்கொள்ளும். நன்கு கடத்தும் கட்டியில் இந்த எல்லை நடுவழியிலேயே வந்து நின்றால், மருத்துவர் மின்னழுத்தத்தைக் குறைத்தோ ஊசியின் காப்புறை இல்லாத நீளத்தைக் குறைத்தோ மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். வெப்பமற்ற சிகிச்சை என்று இது விளம்பரப்படுத்தப்படுவதும் முழு உண்மை அன்று. செல்லைக் கொல்லும் முதன்மைக் காரணம் வெப்பம் இல்லை என்பது சரி. ஊசியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வெந்துபோவது பல ஆய்வுகளில் கண்டது.

எலக்ட்ரோகீமோதெரபியில் மின்சாரம் பாதி வேலை. மருந்து மீதிப் பாதி. துளைகள் திறந்திருக்கும் இடத்தில் மருந்தும் இருந்தாக வேண்டும். சிரை வழியே செலுத்தும் பிளியோமைசின் கட்டியெங்கும் பரவச் சுமார் 8 நிமிடம் காத்திருந்து, பிறகே துடிப்பு கொடுக்கிறார்கள். கட்டியின் ஓரத்தில் இரத்தக்குழாய்கள் அடர்ந்திருக்கும். நடுவில் அரிதாக இருக்கும், அங்கே மருந்தும் குறைவாகவே சேரும். துடிப்பு விழுந்தவுடன் அங்குள்ள குழாய்கள் சுருங்கி இரத்த ஓட்டம் சட்டென்று குறைவதால், பிறகு மருந்து கொடுத்து ஈடுகட்ட முடியாது. ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்ற பகுதியில் நார்த்திசு பெருகி, குழாய்கள் மெலிந்து, மின்புலமும் மருந்தும் ஒரே நேரத்தில் சரியாகச் சேராமல் போகின்றன. அத்தகைய கட்டிகள் குறைவாகவே பலன் தருகின்றன என்பது மருத்துவர்களின் தொடர் அனுபவம். அளவும் இங்கே வந்து சேர்கிறது. எசோப் ஆய்வில் தோலிலும் தோலடியிலும் இருந்த கட்டிகளில் சுமார் 85 விழுக்காடு சுருங்கின, 74 விழுக்காட்டை ஒட்டியவை முற்றாக மறைந்தன. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த பகுப்பாய்வு, 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளில் பலன் தெளிவாகக் குறைவதைக் காட்டியது. பெரிய கட்டி என்பது சிறிய கட்டியின் பெருக்கம் மட்டும் அன்று; அதற்குள் மடிந்த நடுப்பகுதியும், கெட்டியான நார்ப் பட்டைகளும், தாறுமாறான குழாய்களும் உருவாகிவிடுகின்றன.

உறுப்புக்கு உறுப்பு நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு நுரையீரல் மிகக் கடுமையான பாடம். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. காற்று நிரம்பிய நுரையீரலுக்குள் கெட்டியான கட்டி, அதைச் சுற்றி மூச்சுக்கு மூச்சு மாறும் கடத்துதிறன். நுரையீரல் கட்டிகளுக்கு மீளா மின்துளையாக்கத்தைச் சோதிக்க ஐரோப்பாவில் நடத்தப்பட்ட ஆலிஸ் ஆய்வு, 23 நோயாளிகளுக்குப் பிறகு இடைக்கால மதிப்பீட்டிலேயே நிறுத்தப்பட்டது. அவர்களில் 14 பேரிடம் நோய் முன்னேறியிருந்தது. 2015இல் வெளியான அறிக்கையில் ஆய்வாளர்கள், திசுவில் சேரும் ஆற்றல் காற்றின் இருப்பால் பெரிதும் பாதிக்கப்படுவதாகக் குறிப்பிட்டனர். சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் ஓரளவு ஒத்துழைத்த அதே கருவி, அதே துடிப்பு வரிசை இங்கே தோற்றது.

கணையத்தில் வேறு வகை இடர். கணையப் புற்றுக்கட்டியில் புற்றுச் செல்களைவிட அவற்றைச் சூழ்ந்த அடர்ந்த நார்த்திசுவே பெரும்பகுதியாக இருக்கும். ஊசி அதில் வளைந்து, இணையாக நிற்க வேண்டிய இரண்டு ஊசிகள் நுனியில் நெருங்கிவிடும் அல்லது விலகிவிடும். இடைவெளி மாறினால் புலமும் மாறும். மஞ்சள் காமாலையைத் தணிக்கப் பித்தநாளத்தில் வைத்த உலோக ஸ்டென்ட் புலத்தைத் திருகிவிடும், தன்னைச் சுற்றிச் செல்களை மிச்சம் வைக்கவும் கூடும். ஸ்டென்ட்டைப் பிளாஸ்டிக்காக மாற்றிய பிறகே சிகிச்சை செய்யும் வழக்கம் இதனால்தான் வந்தது. மூளையிலோ வெண்பொருளின் இழைகள் புலத்தைத் திசைக்கேற்பத் திருப்பும். மூளையின் உட்குழிகளில் உள்ள நீர் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். எலும்பில் நிலைமை எதிர்பார்ப்பதைவிட நல்லது: கெட்டி எலும்பு குறைவாகக் கடத்தினாலும், பரவிய கட்டி அதைத் தின்று உருவாக்கிய மென்பகுதிக்குள் ஊசியை நேரே வைக்கலாம். இத்தாலியின் பொலோன்யாவில் ரிட்சோலி நிறுவனம் எலும்பில் பரவிய கட்டிகளுக்கு எலக்ட்ரோகீமோதெரபியைத் தொடர்ந்து செய்துவருகிறது.

இவ்வளவையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள உருவானது சிகிச்சைத் திட்டமிடல். கதிர்வீச்சுச் சிகிச்சையில் நீண்ட காலமாக இருந்த பழக்கம் இது. நோயாளியின் சிடி அல்லது எம்ஆர்ஐ படத்திலிருந்து கட்டி, குழாய், கொழுப்பு, எலும்பு ஆகியவற்றின் எல்லைகளைக் கணினியில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கடத்துதிறனை ஒதுக்கி, துளையாக்கத்தால் அது எப்படி ஏறும் என்பதையும் சேர்த்து, புலம் எங்கும் தேவையான அளவை எட்டும்படி ஊசிகளின் இடத்தையும் மின்னழுத்தத்தையும் தேடுவது. லியூப்லியானாவில் டமியான் மிக்லாவ்சிச் குழுவினர் தொடைத் தசைக்குள் பரவியிருந்த மெலனோமா கட்டி ஒன்றுக்கு இப்படித் திட்டமிட்டுச் சிகிச்சை அளித்ததை 2010இல் வெளியிட்டனர். அதே நகரின் புற்றுநோய் நிறுவனத்தில் பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில் இம்முறையைப் பயன்படுத்தி, மதிப்பிட முடிந்த கட்டிகளில் 85 விழுக்காடு முற்றாக மறைந்ததாக 2014இல் தெரிவித்தார்கள். அவற்றுள் பெரிய இரத்தக்குழாயை ஒட்டியவையும் அடங்கும். குழாய்களை மாதிரியில் சேர்த்துக்கொண்டால் அங்கும் போதுமான புலத்தைக் கொண்டுசெல்ல முடியும் என்பதைக் காட்டியதே அந்த முடிவின் சிறப்பு.

திட்டத்தின் பலவீனம் அதில் இடும் எண்களில் இருக்கிறது. எல்லைகளைப் படம் காட்டும். கடத்துதிறனை அது காட்டாது. அதனால் கவனமான திட்டங்கள் ஒரே எண்ணை நம்புவதில்லை. கட்டியின் கடத்துதிறன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் என்ன, குறைவாக இருந்தால் என்ன, ஊசி சில மில்லிமீட்டர் விலகினால் என்ன என்று பல நிலைமைகளில் கணக்கிட்டு, மிக மோசமான நிலையிலும் கட்டி முழுவதும் மூடப்படும்படி மின்னழுத்தத்தைத் தேர்கிறார்கள். கட்டிக்கு வெளியே பாதுகாப்பு ஓரமும் சேர்க்கப்படும். சிகிச்சையின்போது முதலில் குறைந்த வோல்ட்டில் சோதனைத் துடிப்பு கொடுத்துத் திசுவின் மின்தடையை அறிவதும், ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதும் இப்போது வழக்கம். மின்னோட்டம் ஏறாவிட்டால் துளையாக்கம் நிகழவில்லை என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். ஆனால் ஏறினால் எல்லா இடத்திலும் நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது: ஆம்பியர் அளவு மொத்தத் திசுவுக்கான ஒற்றை எண், அதுவும் நன்கு கடத்தும் பாதையின் நடத்தையையே பெரிதும் பிரதிபலிக்கும். குழாயோரத்தில் தப்பிய செல்கள் அதில் தெரியமாட்டா. எம்ஆர்ஐயின் உதவியோடு மின்னோட்ட அடர்த்தியைப் படமாக்கி அதிலிருந்து உண்மைப் புலத்தைப் புள்ளிக்குப் புள்ளி மீட்டெடுக்கும் முறையை லியூப்லியானா ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள்; அறுவை அரங்கில் அதைப் பயன்படுத்துவது இன்னும் எளிதல்ல.

துடிப்பின் வடிவத்தை மாற்றுவது மற்றொரு வழி. நீண்ட ஒற்றைத் துருவத் துடிப்பில் மின்னோட்டம் செல்களைச் சுற்றிக்கொண்டு செல்களுக்கு இடையிலான நீர் வழியே ஓடும்; அங்கேதான் திசுக்களுக்கிடையே வேறுபாடு மிகப் பெரிது. துடிப்பைச் சில மைக்ரோநொடிகளாகச் சுருக்கி, நேர்மறையும் எதிர்மறையுமாக மாறி மாறிக் கொடுத்தால் சவ்வு மின்தேக்கி போலச் செயல்பட்டு மின்னோட்டத்தைச் செல்லுக்குள்ளும் விடும். அப்போது வெவ்வேறு திசுக்களின் கடத்துதிறன்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும், துளையாக்கத்தால் ஏறும் அளவும் குறையும், புலம் முன்னறிந்த வடிவத்தை அதிகம் ஒத்திருக்கும். உயர் அதிர்வெண் மீளா மின்துளையாக்கம் என்ற இந்த முறையை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் டவாலோஸ் குழுவினர் 2011இல் விலங்குகளில் செய்து காட்டினர். தசை துள்ளுவதும் இதில் பெருமளவு அடங்கிவிடுகிறது; வழக்கமான துடிப்புகளுக்கு நோயாளிக்கு முழு மயக்கமும் தசைத் தளர்த்தியும் தேவைப்பட்டதை நினைத்தால் இது சிறிய ஆதாயம் அன்று. விலை இருக்கிறது: சவ்வைத் துளைக்க இன்னும் அதிகப் புலம் வேண்டும்.

ஒரு மருத்துவமனையின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடுவதும் திசு வேறுபாட்டால் கடினமாகிறது. கட்டியின் அளவு, முன்பு பெற்ற கதிர்வீச்சு, மின்முனை வகை, கொடுத்த மின்னழுத்தம், பதிவான மின்னோட்டம் ஆகியவை இல்லாமல் வெறும் வெற்றி விழுக்காட்டை வெளியிட்டால் அந்த எண்ணிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடிவதில்லை. எலக்ட்ரோகீமோதெரபி ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2016இல் பரிந்துரைகளை வெளியிட்டதும், எசோப் நெறிமுறையை 2018இல் திருத்தியபோது தோலுக்கான செய்முறையில் கட்டியின் அளவுக்கும் மருந்தைச் செலுத்தும் வழிக்கும் ஏற்பத் தனித்தனி வழிகாட்டல் தந்ததும் இதன் தொடர்ச்சியே.